வெறும் தூசி

“உள்ளங்கையை அழுத்தித் தேய்க்காதேடி, அவளுக்கு வலிக்கும்” என்றாள் அத்தை.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அத்தைக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடியும் வாளியில் நனைத்துப் பிழிந்தாள்.

மகள் தேய்ப்பதை நிறுத்தினாள். கையை மட்டும் விடவில்லை. அம்மாவின் உள்ளங்கை முழுவதும் மிளகு மிளகாகக் காய்ப்புகள். விரல்களின் அடியில் சில, கட்டைவிரல் மேட்டில் சில. ஒன்றிரண்டு வெடித்து, ஆறாமல் கறுத்திருந்தன. சின்ன வயதில் தலைவாரிவிடும்போது முடி அந்தக் காய்ப்புகளில் சிக்கி இழுக்கும். மகள் கத்துவாள். “என் கைக்கே பல்லு இருக்கு, சீப்பு எதுக்கு?” என்பாள் அம்மா.

கம்பெனி மருத்துவமனையில் அந்தக் கைக்கு வருடக் கணக்காக ஒரே வைத்தியம்தான். ஒரு டப்பா மஞ்சள் களிம்பு. “பாத்திரம் தேய்க்கிற கை இப்படித்தாம்மா இருக்கும்” என்பார் அங்கிருந்த டாக்டர். இருமல் வந்தபோது ஒரு பாட்டில் சிரப். இருமல் நிற்காதபோது இன்னொரு பாட்டில். போன மாதம்தான் மகள் சண்டை போட்டு, அம்மாவை நகரத்துக்கு அழைத்துப்போய் வேறொரு டாக்டரிடம் காட்டினாள். அந்தப் பெண்மணி நெஞ்சுப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்த்தார். நகங்களில் குறுக்காக ஓடிய வெள்ளைக் கோடுகளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“இவங்க எங்க வேலை செய்யறாங்க?”

“வீட்டுலதான்.”

“வீட்டுல வேற யாரு?”

“அப்பா. தங்கச் சுரங்கத்துல. உலையில வேலை.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “அவர் துணியை யார் துவைக்கிறது?”

அம்மாவுக்கு அது வேடிக்கையான கேள்வியாக இருந்தது. “வேற யாரு டாக்டரம்மா, நான்தான்” என்று பெருமையாகவே சொன்னாள்.

நெஞ்சில் இருந்த புற்று முற்றிப்போயிருந்தது. ஆனாலும் நகமும் கொஞ்சம் முடியும் வெட்டிக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். கால் நகமாக இருந்தால் நல்லது என்றார். ரத்தத்தில் கலந்த விஷம் போய்விடும், நகத்துக்குள் போனது அங்கேயே தங்கிவிடும், பரிசோதனையில் தெரிந்துவிடும் என்றார். வரும் வழியெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டு வந்தாள். “மலையில இருக்கற தங்கம்தான் கம்பெனிக்கு. என் நகத்துல தங்கினதை நானே வச்சுக்கறேனே, அதையும் எதுக்கு வெட்டிக் கொடுக்கணும்?” நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். மகளும் நகரத்துக்குத் திரும்பிவிட்டாள். அங்கே அவள் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அப்புறம் ஒரு நாள் மூச்சு இழுத்து, அம்மாவைக் கம்பெனி மருத்துவமனையிலேயே சேர்த்து, நேற்றுச் சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மாவின் கால் நகங்கள் வளர்ந்திருந்தன. மகள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அந்த மலையின் தங்கம் லேசில் வெளியே வராது. மற்ற சுரங்கங்களில் கல்லை மாவாக அரைத்துச் சயனைடு கலந்த தண்ணீரில் ஊறப்போட்டால் தங்கம் கரைந்து வந்துவிடும். இங்கே எத்தனை நைசாக அரைத்தாலும் வராது. கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்து இறுகிய கல்லுக்குள், கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக அது அடைபட்டுக் கிடந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதை விளக்காமல் விடமாட்டார். “உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டு உட்கார்ந்திருக்குங்க. சயனைடு போய்க் கதவைத் தட்டும். ஒருத்தரும் திறக்க மாட்டாங்க. தட்டிட்டுத் திரும்பிடும். அதனால மொதல்ல கல்லை வறுக்கணும். வறுத்தா கந்தகம் புகையாப் போயிடும், கல்லு சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா ஆயிடும். அதுக்கப்புறம் விட்டுப் பாருங்க, தங்கம் சொன்ன பேச்சு கேக்கும்.”

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும். “எல்லா வீட்டுலயும் பொம்பளைங்க காபிக்கொட்டை வறுப்பாங்க. எங்க வீட்டுல ஆம்பளை கல்லு வறுக்கறாரு. என்ன, குடிக்கத்தான் முடியாது.”

வறுக்கும்போது கந்தகத்தோடு ஆர்சனிக்கும் புகையாக எழும்பும். அந்தப் புகையை ஆறவைத்து, ஆள் உயரப் பைகளுக்குள் செலுத்தி வடிகட்டுவார்கள். பையில் படிவது மாவு போல வெள்ளையாக இருக்கும். வாசனை கிடையாது, ருசி கிடையாது. கம்பெனி அதற்கு வைத்த பெயர் தூசி. அந்தப் பைகள் தொங்கும் இடத்துக்குத் தூசி அறை என்று பலகை மாட்டியிருந்தார்கள். அங்கே வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு தூசிப் படி கொடுத்தார்கள். தமிழில் அதற்கு வெள்ளைப் பாஷாணம் என்று பெயர் உண்டு. எலிக்கு வைப்பார்கள். மனிதர்களுக்கும் வைத்திருக்கிறார்கள். பலகையில் அப்படி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

வேலை முடிந்தால் ஆலையிலேயே குளித்துவிட்டு, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்பது விதி. அப்பா ஒரு நாளும் விதியை மீறியதில்லை. ஈரத் தலையும் சோப்பு மணமுமாகத்தான் வீட்டுப் படி ஏறுவார். வேலைத் துணி ஒரு பையில் சுருட்டப்பட்டு அவரோடு வரும். முன்பெல்லாம் அதைத் துவைக்க ஆலைக்குள் ஒரு சலவைக்கூடம் இருந்தது. தண்ணீர்ச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அதை இழுத்து மூடினார்கள். அதற்குப் பிறகு அம்மாதான் சலவைக்கூடம்.

பின்பக்க முற்றத்தில் பையைக் கவிழ்ப்பாள். சட்டையை இரண்டு தோளிலும் பிடித்து ஓங்கி ஓர் உதறு உதறுவாள். காலை வெயிலில் வெள்ளையாக ஏதோ பறந்து, மெதுவாக அவள் மேலேயே இறங்கும். கல்யாணமாகாத தொழிலாளிகளின் துணியையும் வாங்கிக்கொண்டாள். “பாவம், பெத்தவ பக்கத்துல இல்லாத பசங்க” என்பாள்.

முகமூடி கொடுத்தது அப்பாவுக்கு. கையுறை கொடுத்தது அப்பாவுக்கு. குளியலறை கட்டியதும் அப்பாவுக்குத்தான். மிச்சம் இருந்தது என்னவோ அது பையில் சுருண்டு அம்மாவிடம் வந்தது.

வறுக்காமலும் தங்கத்தை எடுக்கலாம். அப்பாவுக்கே அது தெரியும். ஒரு தடவை கம்பெனி அவரைப் பயிற்சிக்கென்று வேறொரு சுரங்கத்துக்கு அனுப்பியது. அங்கே புகைபோக்கியே கிடையாது. பெரிய பெரிய தொட்டிகளில் அமிலத் தண்ணீரும் கல்மாவும் கலந்து, காற்றை ஊதி, அதில் ஒரு கிருமியை வளர்த்தார்கள். கந்தகத்தை அது தின்று தீர்த்துவிடும். ஆர்சனிக் புகையாக எழும்பாமல் தண்ணீரோடு நின்றுவிடும். அதைச் சுண்ணாம்பு சேர்த்துக் கெட்டியாக்கி ஓரிடத்தில் அடைத்துவைத்தார்கள். அப்பா ஊர் திரும்பியதும் ஒரு வாரம் இதே பேச்சுதான்.

“கல்லைப் போட்டாலும் குறை சொல்லாம தின்னுமா?” என்று கேட்டாள் அம்மா. “உங்களுக்குப் பதிலா அதைக் கட்டியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்.”

தொட்டி வரப்போகிறது என்று கொஞ்ச காலம் சொன்னார்கள். பிறகு, இருக்கிற உலையே இன்னும் பல வருஷம் தாங்கும் என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

*

முன்னறையில் நாற்காலி இழுபடும் சத்தமும், அப்பாவின் “வாங்க சார், வாங்க சார்” என்ற குரலும் கேட்டன.

“மலர்வளையம் வந்தாச்சு” என்று முணுமுணுத்தாள் அத்தை.

கம்பெனியின் நல அதிகாரிக்கு அந்தத் தெரு வைத்திருந்த பெயர் அது. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால்தான் அவரை அந்தப் பக்கம் பார்க்க முடியும். ஓர் ஆள் பின்னாலேயே வளையத்தைத் தூக்கிக்கொண்டு வருவான்.

மகள் அம்மாவுக்குத் துணி மாற்றி, தலையைத் துவட்டிவிட்டு, ஈரக்கையோடு முன்னறைக்கு வந்தாள். அப்பாவோடு வேலை பார்க்கும் நாலைந்து பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வாசலை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தன. எதிர்வீட்டு அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்கும் உலையில்தான் வேலை. அதிகாரி பளபளக்கும் ஷூவை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே அப்பா ஒரு முக்காலியின் நுனியில் இருந்தார்.

“அம்மா நம்ம கம்பெனிக் குடும்பத்துல ஒருத்தங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார் அதிகாரி. “அதனால நீங்க எதுக்கும் அலைய வேண்டாம். மேட்டுக் கல்லறைக்குப் போற பாதை மழையில கெட்டுக் கிடக்கு. நகரத்துல மின்சாரத் தகனத்துக்குச் சொல்லி வச்சிட்டேன். வண்டி வாசல்லயே நிக்குது. மதியத்துக்குள்ள முடிச்சிட்டு வந்துடலாம்.”

அப்பாவின் தலை ஆடியது. அந்த ஆள் முன்னால் அது எப்போதும் தானாகவே ஆடும்.

“அடக்கம் பண்றதுன்னுதானே ராத்திரி பேசினோம்?” என்றாள் மகள்.

“உங்க சௌகரியத்துக்குத்தாம்மா சொல்றேன்.”

“சார், நகரத்து டாக்டர் ஒரு பரிசோதனை பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. அம்மாவுக்கு வந்தது அப்பாவோட வேலைத் துணியில இருந்த பாஷாணத்தாலதான்னு சந்தேகப்படறாங்க. குடும்பத்துல ஒருத்தங்கன்னு சொல்றீங்க இல்ல, கம்பெனியும் அதை விசாரிக்கலாமே.”

அதிகாரி டீயைக் கீழே வைத்தார். குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டார். “அவங்க நம்ம ஊழியர் இல்லையேம்மா. ஆலை வாசல்ல காலே வச்சதில்லை. அதுல கம்பெனி எப்படித் தலையிட முடியும்?”

“இப்பத்தான் குடும்பம்னீங்க.”

“குடும்பம் வேற, ஊழியர் வேற.” பிறகு, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சிரித்தார். “அதோட, பாஷாணம் அது இதுன்னு பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு? வெறும் தூசி. உங்கப்பா இத்தனை வருஷமா அதுக்குள்ளதான் நிக்கறாரு. கல்லு மாதிரி இருக்காரே!”

மகள் ஓரடி முன்னால் வந்தாள். “எதுக்கு சார் இவ்வளவு அவசரமா நெருப்பு? கல்லை வறுத்தது போதாதா? அம்மாவையும் வறுக்கணுமா?”

சுவரோரம் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அப்பா எழுந்தார். “போதும். உள்ளே போ.”

அவளைத் தள்ளிக்கொண்டே அவரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மகள் கைப்பையிலிருந்து நகவெட்டியையும், டாக்டர் கொடுத்திருந்த சின்ன உறையையும் எடுத்தாள்.

“என்ன பண்ணப்போற?”

“கால் நகம். நாலு முடி. அவ்வளவுதாம்ப்பா.”

“செத்தவளைக் கூறு போடணுமா? வேணாம்.”

“நகம் வெட்டறது கூறு போடறதா?”

“வேணாம்னா வேணாம். நாளைக்கு இந்த வீட்டை விட்டு எழுந்திருன்னு சொன்னா எங்க போறது? அது தூசிதான். எனக்கு ஏதாவது ஆச்சா? சொல்லு, எனக்கு ஏதாவது ஆச்சா?”

“உங்களுக்கு முகமூடி இருந்துச்சுப்பா.”

அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். கட்டிலில் கிடந்தவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடியே வெளியே போய்விட்டார். அத்தை மூலையில் நின்று வாயில் துணியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மகள் நகவெட்டியையும் உறையையும் கைப்பைக்குள் போட்டாள். பின்கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனாள். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வேலைத் துணிப் பைகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலெல்லாம் அப்பா வேலைக்குப் போய்வந்து, வழக்கம்போலப் பையை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெத்தவ பக்கத்தில் இல்லாத பசங்களும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு திரும்பினால் அவள்தானே துவைப்பாள்.

மகள் ஒரு பையை எடுத்தாள். அப்பாவின் பை. அதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் போகாமல் பக்கச் சந்து வழியாகச் சுற்றி வாசலுக்கு வந்தாள். குழந்தைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அதிகாரியின் ஷூவுக்கு முன்னால் பொத்தென்று வைத்தாள். வைத்த வேகத்தில் முடிச்சு நெகிழ்ந்து ஒரு சட்டைக் கை வெளியே சரிந்தது. மடிப்பிலிருந்து மெலிதாக ஏதோ வெள்ளையாய் எழுந்தது.

அதிகாரி இரண்டு கால்களையும் ஒருசேரத் தூக்கிக்கொண்டார். நாற்காலி பின்னால் கிறீச்சிட்டு நகர்ந்தது. கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று.

“ஐயோ, இதை எதுக்கும்மா வீட்டுக்குள்ள... மூடுங்க! மொதல்ல மூடுங்க! சின்னக் குழந்தைங்க இருக்கற இடத்துல—”

அதோடு நிறுத்திக்கொண்டார். கைக்குட்டை மட்டும் மூக்கிலேயே இருந்தது.

வாசலில் ஒரு தாய் தன் பிள்ளையைச் சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“தூசிதானே சார்?”

கேட்டது மகள் அல்ல. அப்பா. கோபமே இல்லை அந்தக் குரலில். எப்போதும் அதிகாரியிடம் பேசும் அதே பணிவு. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல இன்னொரு தடவை கேட்டார். “வெறும் தூசிதானே சார்?”

அதிகாரி வாசலைப் பார்த்தார்.

எதிர்வீட்டு அக்கா டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். குனிந்து சட்டைக் கையை உள்ளே தள்ளி, முடிச்சை இறுக்கினாள். “விடு, நான் தினமும் தொடறதுதான்” என்றாள் மகளிடம். அவளுடைய உள்ளங்கையில் மிளகு மிளகாக இருந்ததை மகள் அப்போதுதான் பார்த்தாள். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், கம்பெனி வண்டியின் கதவைத் திறந்து முன்சீட்டில் வைத்தாள். திரும்பி வந்து, சந்துப் பக்கமாகப் போய், இன்னும் இரண்டை எடுத்துவந்தாள். சுவரோரம் நின்றிருந்த தொழிலாளி ஒருவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அதுல ஒண்ணு என்னுது அக்கா, குடுங்க” என்று வாங்கிப் போய் அவனே வண்டிக்குள் வைத்தான்.

“இதெல்லாம் நல்லா இல்லை” என்றார் அதிகாரி எழுந்துகொண்டே. “வீடு கம்பெனியோடது. யோசிச்சு நடந்துக்கங்க.”

“அடக்கம்தான் சார்” என்றார் அப்பா. “வண்டியை எடுத்துட்டுப் போங்க. பையெல்லாம் துவைச்சதும் சொல்லி அனுப்புங்க, பசங்க வந்து வாங்கிப்பாங்க.”

அவர் கிண்டலாகச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சுவரோரத்தில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து இருமினான்.

*

மகள் மறுபடி அம்மாவிடம் வந்திருந்தாள். உள்ளறைக் கதவு திறந்தது. அப்பா வந்து கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் பாதத்தைத் தூக்கித் தன் தோளோடு சாய்த்து, இரண்டு கைகளாலும் காலைப் பிடித்துக்கொண்டார்.

“வெட்டு” என்றார்.

மகள் பக்கத்தில் மண்டியிட்டாள். கட்டைவிரல் நகம் தடித்திருந்தது. நகவெட்டி முதலில் வழுக்கிற்று. அப்பா விரலைப் பிரித்து அசையாமல் பிடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டும் தெறிக்காமல் இருக்க, அத்தை உறையை ஏந்திப் பிடித்தாள்.

ஒரு கால் முடிந்து அடுத்த காலை எடுத்தபோது அப்பா சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

“நான் குளிச்சிட்டுத்தானே வந்தேன். சுத்தமாத்தானே வந்தேன்.”

மகள் நிமிரவில்லை. அத்தை அழுதாள்.

மேட்டுக்குப் போகும் பாதை, அதிகாரி சொன்னதுபோலவே, சேறாகத்தான் கிடந்தது. உலையில் வேலை பார்ப்பவர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். இரண்டு இடத்தில் வழுக்கிச் சமாளித்தார்கள். மலர்வளையத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தூரத்தில் புகைபோக்கி வழக்கம்போலப் புகைத்துக்கொண்டிருந்தது. ஒரு சாவுக்காக அதை நிறுத்துகிற பழக்கம் இல்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நகரத்து டாக்டரின் ஆஸ்பத்திரி மறுநாள் காலையில் திறக்கும்போதே அங்கே இருக்க வேண்டும் என்று மகள் கிளம்பினாள். டிரைவிங் ஸ்கூல் காரை, எல் போர்டைக்கூடக் கழற்றாமல் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தையிடம் சொல்லிக்கொண்டு காரைக் கிளப்பினபோது, அப்பா வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீட்டிலிருந்து வந்தார். முன்கதவைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். உறையை அவள் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

குனிந்து காலடியில் பார்த்தார். “இங்கயும் என்னமோ இருக்கே.”

“பிரேக்குப்பா. சொல்லிக்குடுக்கறவங்களுக்கு. நான் அங்கதான் உட்காருவேன். ஓட்டறவங்க தப்பாப் போனா அங்க இருந்தே அமுக்கி நிறுத்திடலாம்.”

அப்பா தலையசைத்தார். கார் ஆலைச் சுவரை ஒட்டிக் கீழே இறங்கத் தொடங்கியது. சரிவில் அவள் வேகமாகத்தான் போனாள். அப்பா தன் இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து, அந்தப் பெடலில் படாதபடி சீட்டுக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டார்.